பெயர் பார்த்து வாங்கும் பிளாக்

டர்போ போட்டு வண்டி கட்ட நினைப்பவர்களிடம் எந்த எஞ்சின் பிளாக் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரு பெயராகத்தான் வரும். 4ஜி63, ஆர்பி26, 2ஜேஇசட். மூன்றும் ஜப்பானில் பிறந்தவை, மூன்றும் வார்ப்பிரும்பு. கொஞ்சம் கைக்கு எட்டுகிற ஆசை என்றால் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்ஸின் 1.8 டர்போ. அதுவும் வார்ப்பிரும்புதான். செம்பரம்பாக்கத்துக்குச் சற்று மேற்கே, இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருப்பதால், இந்தப் பேச்சு பூந்தமல்லி, ஆவடிப் பக்கத்தில் வெறும் கனவாக நின்றுவிடுவதில்லை. பணம் இறங்குகிறது. அதனால்தான் இந்தப் பழக்கத்தை எடைபோட வேண்டியிருக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு வலுவான காரணம் உண்டு. மானிஃபோல்டில் 1 பார் பூஸ்ட் ஏற்றினால் சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வெடிப்பின் உச்ச அழுத்தம் சிலிண்டர் சுவரை விரிக்கப் பார்க்கும், ஹெட்டைத் தூக்கப் பார்க்கும். அலுமினியத்தைவிட விறைப்பான வார்ப்பிரும்பு இதற்கு எளிதில் வளைந்து கொடுக்காது. சூட்டில் அது விரிவதும் அலுமினியம் விரிவதில் பாதிதான். 1983இல் நெல்சன் பிக்கே பிராபம் காரில் ஃபார்முலா 1 பட்டம் வென்றார். அந்த பிஎம்டபிள்யூ டர்போ எஞ்சினின் அடிப்படை, சாதாரணச் சாலைக் கார்களில் ஓடிய எம்10 வார்ப்பிரும்பு பிளாக். ஓடிப் பழகி, வார்ப்பின் உள்தகைவு தணிந்த பிளாக்குகளையே தொடக்கத்தில் தேடி எடுத்தார்கள். பழைய இரும்பு பிளாக் என்றால் இளக்காரம் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் பிஎம்டபிள்யூ செய்த தேர்வில் ஒரு பாதியைத்தான் நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பழையதை வாங்குகிறார்கள், சோதிப்பதில்லை. பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடக்கும் ஒரு பிளாக்கின் பெயர் அதன் வரலாற்றைச் சொல்லாது. கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரிலேயே ஓட்டப்பட்ட எஞ்சினின் நீர்ப்பாதைகளில் உப்பு படிந்திருக்கும், துரு அடைந்திருக்கும். பூஸ்ட் ஏறும்போது அந்த இடம் மட்டும் கொதித்து, டெட்டனேஷன் தொடங்கும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாறு பெருகியபோது சென்னையில் எத்தனை கார்கள் நீரில் நின்றன என்பதை இந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும். சில நேரம் பிளாக்கே விரிசல் விடும். ராடை மாற்றிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது.

இதைவிடப் பெரிய கேடு போரிங், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்துவது. தேய்ந்த பிளாக்கை அளவாக போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது முறையான வேலை. சிசி கூட்டுவதற்காகவே போர் செய்வது வேறு. 4ஜி63இன் போர் 85 மி.மீ. அதை 86 ஆக்கினால் கிடைப்பது சுமார் 47 சிசி, அதாவது 2.4 விழுக்காடு. 1 பார் பூஸ்ட் ஓடும் எஞ்சினில் அழுத்தத்தை 0.05 பார் கூட்டினாலே கிட்டத்தட்ட அதே காற்று உள்ளே வந்துவிடும். அந்த 47 சிசிக்காகச் சுவரில் சுற்றிலும் அரை மி.மீ. இழக்கிறோம். இழந்த இரும்பு திரும்பாது. டர்போ வண்டிக்கு பிளாக்கில் மிச்சமிருக்கும் சுவர்தான் சொத்து. அதைச் சுரண்டிப் பெருமை தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அலுமினியத்தை ஒதுக்குவதும் நியாயமில்லை. அது முன்பக்க எடையைக் குறைக்கிறது, சூட்டை வேகமாகக் கடத்துகிறது. சென்னை மே மாதத்தில் தடத்தில் ஓட்டுபவருக்கு இரண்டுமே லாபம். எவோ 10 காரில் மிட்சுபிஷியே தன் 4ஜி63ஐ விட்டு 4பி11 என்னும் அலுமினிய பிளாக்குக்கு மாறியது. பலவீனம் ஓப்பன் டெக் அமைப்பில் இருக்கிறது. அதில் சிலிண்டர்களின் மேல்விளிம்பு நீருக்குள் பிடிமானமின்றி நிற்கிறது. பூஸ்ட் மிகும்போது அது அசைந்து, ஹெட் கேஸ்கட்டைத் தின்கிறது. அத்தகைய பிளாக்கில் அளவான பூஸ்டோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் டெக்கை மூடும் வகை லைனர்கள் போட வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தால் இரும்பு மலிவாக வரலாம். அது கணக்கின் முடிவாக வரட்டும், முன்முடிவாக வேண்டாம்.

பலர் மறப்பது இன்னொன்று: ஆர்சி புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிளாக்கை மாற்றினால் வண்டியின் பதிவுவிவரமே மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 இருக்கும்வரை, வேறு நிறுவனத்தின் பிளாக்கைப் பொருத்திய வண்டிக்குச் சாலையில் இடமில்லை. தடத்துக்கு மட்டும் என்றால் டிரெய்லரில் ஏற்றிப் போகலாம். தினமும் ஓட்டும் வண்டியில் ஓரளவு பூஸ்டுக்கு, நல்ல நிலையில் இருக்கும் சொந்த பிளாக்தான் என் தேர்வு.

எதை எடுத்தாலும் அளந்து எடுங்கள். வார்ப்பிரும்புக்குக் காந்தத் துகள் சோதனை, சுவர்க் கனத்துக்கு அல்ட்ராசோனிக் கருவி, டெக் மட்டம், மெயின் பேரிங் வரிசை. இறுதி ஹோனிங்கை டார்க் பிளேட் பூட்டிச் செய்யச் சொல்லுங்கள். ஹெட் போல்ட் இறுகும்போது சிலிண்டர் சற்றே கோணும், அந்த நிலையிலேயே வட்டம் சரியாக வர வேண்டும். உதிரிபாகத் தொழில் செறிந்த அம்பத்தூரில் இந்தச் சோதனைகளுக்கு வழியில்லாமல் இல்லை. சிலிண்டர் வாரியாக அளவை எழுதி வாங்கிய பிறகே பிஸ்டனுக்கு ஆர்டர் கொடுங்கள்.