இரண்டாம் சுற்றுக்குப் போட்ட பூட்டு

முதல் சுற்றை முடித்தவருக்கு மட்டுமே கடினமான அடுத்த சுற்று திறக்கும். ஓடித் தாவும் பழைய வீடியோ விளையாட்டுகள் பலவற்றில் இருந்த வழக்கம் இது. திறமைக்குக் கிடைக்கும் பரிசு என்று இதை மெச்சுவோர் உண்டு. பதுளை நகரிலும் பசறை, தெமோதரைத் தோட்ட லயங்களிலும் இருந்து பார்த்தால் அந்தப் பரிசில் பாதிதான் திறமைக்கு உரியது.

1985இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 8 உலகங்கள், 32 கட்டங்கள் கொண்டது. இளவரசியை மீட்டதும், புதிய பயணம் ஒன்று காத்திருப்பதாகத் திரை சொல்லும். அதில் காளான் உருவக் கூம்பாக்கள் இருந்த இடமெல்லாம் ‘பஸ்ஸி பீட்டில்’ என்ற ஓட்டு வண்டுகள் நிற்கும். கூம்பா நெருப்புக்குச் சாகும், வண்டு சாகாது. எதிரிகள் வேகமாக நடப்பார்கள், மிதக்கும் பலகைகள் குறுகிவிடும். மற்றபடி அதே பாதைதான். மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டிய காலம் அது. புதுக் கட்டங்கள் வரைய இடமில்லாததால் இருந்ததையே மாற்றிப்போட்டார்கள். அந்தச் சிக்கனத்தில் பெரிய கெட்டித்தனம் இருக்கிறது. நெருப்பு எறிய வைக்கும் பூ கையில் இருந்தால் போதும் என்று பழகியவர், மனப்பாடமான முதல் கட்டத்திலேயே திகைத்து மறுபடி யோசிக்க வேண்டிவரும். கடினம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அதே ஆண்டில் கேப்காம் செய்தது வேறு. ‘கோஸ்ட்ஸ் அண்ட் கொப்ளின்ஸ்’ விளையாட்டை உயிரைக் கொடுத்து முடித்தால், கண்டதெல்லாம் சாத்தானின் மாயை என்று சொல்லி முதலிலிருந்து அனுப்பிவிடும். உண்மையான முடிவு இரண்டாம் முறைக்குப் பிறகுதான். இதைச் சவால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆர்கேட் இயந்திரத்துக்குக் காசு சேர்க்கும் வழி. 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாம் மாரியோவும் குறைந்ததல்ல. அதில் ஏ முதல் டி வரையான உலகங்களைப் பார்க்க ஆட்டத்தை எட்டு முறை முடிக்க வேண்டும். ஏழாம் முறைக்கும் எட்டாம் முறைக்கும் இடையில் ஆடுபவர் புதிதாக என்ன கற்கிறார்?

நம் பக்கத்துக்கு இவை பெரும்பாலும் சீனத் தயாரிப்பு ‘டிவி கேம்’ பெட்டிகளாகவே வந்தன. மாரியோ கேசட்டில் எதுவும் சேமிக்கப்படாது. கரண்ட் போனால் எட்டாம் உலகத்தில் நின்றவரும் ஒன்றாம் உலகத்துக்கு வர வேண்டும். லயத்தில் மின்சாரம் இருந்தாலும் வீட்டுக்கு ஒரு டிவி. செய்தி நேரம் வந்தால் பெட்டியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே அந்தப் பூட்டுக்குச் சாவி, யாரும் குறுக்கிடாத நேரம். தோட்டத்தில் குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி; குறைந்தால் அரைப்பேர். அன்று மழையா, மலையில் கொழுந்தே இல்லையா என்று தராசு கேட்பதில்லை. இந்தப் பூட்டும் அப்படித்தான் அளக்கிறது. ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்: விளையாட்டில் யாருக்கும் கூலி வெட்டப்படுவதில்லை.

பூட்டை உடைத்தவை திருட்டுக் கேசட்டுகள். ஆயிரக்கணக்கில் விளையாட்டு என்று பட்டியல் போட்ட கேசட்டுகளில் உண்மையில் சிலவே இருக்கும். ஒரே விளையாட்டை வெவ்வேறு கட்டத்தில் தொடங்க வைத்து எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். ஏமாற்று வேலைதான். ஆனால் பிந்திய கட்டங்களைக் காணவே வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு அவை அங்கே ஒரு வழி விட்டன. அதற்கு விலையும் இருந்தது: படிப்படியாக ஏறும் கடினம் குலைந்து, எதற்காக எதைக் கற்கிறோம் என்பதே தெரியாமல் போனது. பூட்டு முற்றிலும் வீண் என்று நான் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

2018இல் வந்த ‘செலஸ்ட்’ விளையாட்டு இந்தச் சிக்கலை நன்றாகத் தீர்த்தது. பெரும்பாலான அத்தியாயங்களில் ஒளிந்திருக்கும் ஒலிநாடாவைக் கண்டெடுத்தால், அந்த அத்தியாயத்தின் கடினமான வடிவமான ‘பி சைட்’ திறக்கும். அதைத் தொடாமலே கதையை முடிக்கலாம். ஆட்டம் தானாகவே சேமிக்கப்படும். தடுமாறுபவருக்கு உதவி முறையும் உண்டு.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் நம் பிள்ளைகளே, நாளை நீங்கள் ஒரு விளையாட்டை உருவாக்கினால், இரண்டாம் சுற்றை விருப்பம்போல் கடினமாக்குங்கள். கதையின் முடிவை மட்டும் அதற்குள் வைத்துப் பூட்டாதீர்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வழி வையுங்கள்.