வளைந்து நிமிரும் மரம்

செங்கத்தைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறும் பக்கத்தில், காய்ந்த சரிவுகளிலும் பாறை இடுக்குகளிலும் கல் மூங்கில் புதர் புதராக நிற்கும். மற்ற மூங்கில்களைப் போல இதன் நடுவில் பெரிய குழல் இருக்காது. தண்ணீர் குறைந்த மண்ணில் வளர்ந்த கழியை அறுத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட முழுக் கட்டையாகவே இருக்கும். போலீஸ் லத்திக்கும், வெள்ளைக்காரர் காலத்தில் குதிரைமேல் இருந்து காட்டுப்பன்றி குத்திய ஈட்டிக்கும் இதைத்தான் தேடி எடுத்தார்கள். இதே இனத்து மூங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பலேறி, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஃப்ளை ஃபிஷிங் கழிகளாக மாறியது. அங்கே அதன் பெயர் ‘கல்கத்தா கேன்’. அண்ணாமலையைச் சுற்றி வாழும் நமக்கு ஏணிக்கும் பந்தலுக்கும் தொரட்டிக்கும் பழகிப்போன கழி அது.

ஃப்ளை ஃபிஷிங்கைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் ஏரிக்கரைத் தூண்டிலில் புழுவும் ஈயக்குண்டும் தம் எடையால் முள்ளைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும். மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை மேலே ஆடி, மீன் கடித்த செய்தியைச் சொல்லும். முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சிக்கு எடையென்று சொல்ல எதுவும் இல்லை. அதை எறிய முடியாது. ஆகவே எடையை நூலுக்கு மாற்றினார்கள். தடித்த நூலைப் பின்பக்கம் வீசி, அது காற்றில் முழுக்க நீள்கிறவரை பொறுத்து, முன்பக்கம் வீச வேண்டும். நூல் இழுக்கக் கழி வளையும். கழி நிமிர நூல் பாயும். கடைசியில் பூச்சி தண்ணீர்மேல் ஓசையில்லாமல் இறங்கும். எவ்வளவு வளைகிறது என்பதைவிட, எப்படி நிமிர்கிறது என்பதில்தான் ஒரு கழியின் தரம் இருக்கிறது.

தமிழ் நிலத்தில் இந்தக் கலைக்கு நல்ல வயது. சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ நூலை வெளியிட்டார். 1887-இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். ஏரிகளால் ஆன மாகாணத்தில் வேலை பார்த்தவருக்கு அது இயல்பாகவே தோன்றியிருக்க வேண்டும். 1907-இல் எச். சி. வில்சன் நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகத்தை நிறுவினார். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். சமவெளி அதற்கு ஆகாது. ஆனால் பூச்சியைப் பாய்ந்து கவ்வுகிற மீன் ட்ரவுட் மட்டும்தானா? தண்ணீரின் மேல்மட்டத்தில் பூச்சி பொறுக்கும் கெண்டைக் குஞ்சுகளையும், தவளைக்குத் தாவும் விராலையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தென்பெண்ணையும், ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறும், 1958 முதல் இருக்கும் சாத்தனூர் அணையும் திருவண்ணாமலை மாவட்டத்துத் தண்ணீர்தான். ஏரி மீனுக்குக் குத்தகைதாரர் உண்டு, அணைக்கும் அப்படி உரிமையுள்ளவர்கள் உண்டு. கேட்டுக்கொண்டு இறங்க வேண்டும்.

கழிக்கு வருகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஈஸ்டன் என்ற ஊரில் சாமுவேல் ஃபிலிப்பி என்றொரு துப்பாக்கித் தொழிலாளி இருந்தார், வயலினும் செய்வார். 1840-களில் அவர் மூங்கிலை முழுக் கழியாகப் பயன்படுத்தாமல் நீளவாக்கில் பிளந்து, சிம்புகளாக்கி, மறுபடி ஒட்டிப் பார்த்தார். மூங்கிலின் வலுவெல்லாம் தோலுக்கு அடியிலேயே நெருங்கிக் கிடக்கும் நாரில் இருக்கிறது. உள்ளே போகப் போகச் சதைதான். ஒவ்வொரு சிம்பையும் அறுபது பாகை முக்கோணமாக இழைத்து, தோல் பக்கம் வெளியே வரும்படி ஆறு சிம்புகளைச் சேர்த்தால், நடுவில் குழலே இல்லாமல் சுற்றிலும் நாராக ஓர் அறுகோணக் கழி கிடைக்கிறது. மெய்ன் மாநிலத்தின் ஹைரம் லெனார்ட் பின்னாளில் சிம்பு சீவ இயந்திரமே செய்தார்.

இதில் என்னை மயக்குவது இழைப்பு. அடியில் தடித்து நுனியில் ஊசியாக மெலிகிற கழியில், எந்த இடத்தில் எவ்வளவு மெலிகிறது என்பதைப் பொறுத்து வீச்சின் குணமே மாறிவிடும். நுனி மட்டும் வளையும் கழி ஒன்று; கைப்பிடிவரை இறங்கி வந்து வளையும் கழி இன்னொன்று. அங்குலத்தில் ஆயிரத்தில் சில பாகம் கூடினாலும் குறைந்தாலும் கை கண்டுபிடித்துவிடும். இழைப்புளியை ஓட்டும்போது சுருள் சுருளாக உதிரும் சீவலின் மென்மையை வைத்தே கத்தியின் கூர்மையைத் தச்சர் அறிவார். கணுக்கள் வேறு இருக்கின்றன. கணுவில் நார் நேராக ஓடாது. ஆறு சிம்புகளின் கணுவும் ஓரிடத்தில் கூடினால் கழி அங்கேதான் ஒடியும். ஆகவே சிம்புகளை மேலும் கீழும் தள்ளி வைத்துக் கணுக்களைக் கலைத்துவிட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து டோன்கின் மூங்கில் வந்து கல்கத்தா கேனை ஓரங்கட்டியது. அது நேரானது, கணுவிடை நீண்டது, தோலடி நார் தடித்தது. கழிக்கு அது மேலான மூங்கில் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் கல் மூங்கிலுக்கு ஒரு முரட்டு நெஞ்சுரம் உண்டு. ஏழடிக்குள் அடங்கும் சிறு கழிக்கு, ஏரிக் கெண்டைக்கு, அது தாராளமாகப் போதும். முற்றிய கழியாக, மூன்று வயதாவது ஆனதாக இருக்க வேண்டும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். உளுக்கவைக்கும் வண்டுக்கு மூங்கிலில் ஊறியிருக்கும் மாவுச்சத்துதான் தீனி. வெட்டிய கழியைச் சில வாரம் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம் அந்தச் சத்தைக் கரைத்துவிடும். காட்டு மூங்கிலைத் தொட வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கிலை 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மரம் என்ற வரையறையிலிருந்தே எடுத்துவிட்டது. தோட்டத்து மூங்கிலில் வேலை தொடங்குவதே நல்லது.

நூல் ஓடும் வளையங்களைக் கழியில் பட்டு நூலால் சுற்றிக் கட்டுவார்கள். இதே மாவட்டத்தில் ஆரணி இருக்கிறது! சேலைக்குச் சாயமேற்றிய பட்டு இழையை நெருக்கமாகச் சுற்றி மேலே வார்னிஷ் ஏற்றினால், நிறம் ஆழ்ந்து, இழை கண்ணாடிபோல் தெளிந்து, அடியில் உள்ள மூங்கிலின் நார்வரி தெரியத் தொடங்கும். அரக்குச் சிவப்பில் சுற்றி, ஓரத்தில் நாலு இழை மாம்பழ மஞ்சள் போதும். அதற்குமேல் அலங்காரம் கழிக்குப் பாரம்.

பூச்சிகளை வைக்கும் பெட்டிக்கு வேறு மரம். இங்கே வளைவது குற்றம். குமிழ் மரத்தை நான் சொல்வேன். லேசானது, இளமஞ்சளானது, நன்றாகக் காய்ந்த குமிழ்ப் பலகை மழைக்காலத்திலும் முறுக்கிக்கொள்ளாது, மூடி அப்படியே பொருந்தும். எது கிடைத்தாலும் பெட்டி செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முள்ளை மறந்துவிடுகிறார்கள். கருவேல மரத்தில் அடித்த ஆணியைச் சுற்றி ஈரம் பட்டால் கறுத்துப்போவதைக் கண்டிருப்பீர்கள். தோல் பதனிட உதவும் அதே துவர்ப்பு இரும்போடு சேர்ந்து செய்கிற வேலை அது. அப்படிப்பட்ட மரத்தில் மெல்லிய எஃகு முட்களை அடைத்து வைக்கக் கூடாது. பெட்டிக்குள் பூச்சிகளைக் குத்தி நிறுத்த ரப்பர் நுரை ஒட்டுவது வழக்கம். அந்த இடத்தில் நெட்டியைக் காடி வெட்டிச் செருகிப் பார்க்கலாம். முள் இதமாக இறங்கும், நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆழம் மட்டும் முக்கியம்: மூடி இறகை நசுக்கினால் அந்தப் பூச்சி பிறகு தண்ணீர்மேல் நிற்காது.

பூச்சி கட்டும் மேசையில் முள்ளைக் கவ்விப் பிடிக்கும் சிறு வைஸ் ஒன்று இருக்கும். அதன் பீடம் கனமாக இருந்தால்தான் நூலை இழுத்துச் சுற்றும்போது அசையாது. இதற்கு ஆச்சா மரத்தை மிஞ்ச ஒன்றில்லை. நரசிங்கம்பேட்டையில் நாதசுரம் செய்பவர்கள் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த ஆச்சா உத்தரங்களைத் தேடி வாங்குவார்கள். பல தலைமுறை காய்ந்த மரம் இனி வெடிக்காது என்ற நம்பிக்கை. திருவண்ணாமலையிலும் பழைய வீடுகள் இடிபட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. அந்த உத்தரத்தின் ஒரு சாண் துண்டு பீடத்துக்குப் போதும். நூல் கட்டைகளை நிறுத்தும் முளைகள், மயிர் நுனிகளைத் தட்டிச் சமன் செய்யும் சிறு குழல், முடிச்சுப் போடும் கூம்பு ஆகியவற்றைக் கடைசலில் கொடுத்துவிடலாம். கர்நாடகத்துச் சன்னபட்டணாப் பொம்மைகளுக்கு உதவும் வெட்பாலை நம் வறண்ட குன்றுகளிலும் உண்டு. தந்தம்போல வெளுத்து, நார் தெரியாமல் கடைசலுக்கு வழுவழுவென்று வரும்.

இறகைப் பற்றிச் சொல்லாமல் மரத்தைப் பற்றி மட்டும் பேச முடியாது. சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகு சொட்டியதுபோன்ற பளபளப்பான புள்ளிகள் இருக்கும். ஐரோப்பாவின் சால்மன் பூச்சிகளுக்கு அவை மகுடமாக இருந்தன. அதற்காகவே அந்தப் பறவை ஏராளமாகக் கொல்லப்பட்டது. இன்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது, அதைத் தொடக் கூடாது. வீட்டுச் சேவலின் கழுத்து இறகே போதுமான அழகு. கருஞ்சிவப்பும் கீரி நிறமும் கொண்ட நாட்டுச் சேவல் இறகின் விறைப்பில் பூச்சி தண்ணீர்மேல் கால் ஊன்றி நிற்கும். இவற்றை வைக்க வேப்பம்பலகையில் தட்டையான இழுப்பறைகளும், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வசம்பும் வேண்டும். இறகை அரிக்கும் பூச்சி, கட்டிய பூச்சிகளையும் விடாது.

கைவலையின் வளையத்துக்கு மறுபடி வளையும் மரம். மலைக்காட்டுத் தடசு, வண்டிக்கும் கோடாலிக் காம்புக்கும் பேர்போனது, அதிர்ச்சியைத் தாங்கும். தச்சர் அளவில் ஒரு நூல் கனத்துக்கு இழைத்த மூன்று பட்டைகளை ஆவியில் வாட்டி, அச்சைச் சுற்றி வளைத்துக் கட்டி, காய்ந்த பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். மூன்றின் நாரும் ஒரே திசையில் ஓடினால் வளையம் உருக்குலையாது. பிடிக்குப் பூவரசு. தோணிக்கு உதவிய மரம், ஈரத்துக்கு அஞ்சாது. அதன் வைரத்தின் காப்பிப் பழுப்பு எண்ணெய் பட்டதும் எழுந்து வரும்.

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் ஓடும் ஊர் திருவண்ணாமலை. டன் கணக்கான பாரத்தில் எந்த மரம் பிளக்கும், எது தாங்கும் என்பது இங்குள்ள தச்சர்களுக்குக் கைப்பழக்கம். கல் மூங்கில் சிம்புகளைக் காட்டிக் கேட்டபோது, எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருவர் ஒன்றை எடுத்து வளைத்து, விட்டு, மறுபக்கம் திருப்பி மறுபடி வளைத்துப் பார்த்தார். “எந்தப் பக்கம் சார் வெளிய வரணும்?” என்றார். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அறுபது பாகைக் காடி வெட்டிய வேங்கைச் சட்டம் ஒன்றை இப்போது அவர் தயார் செய்கிறார். இரும்பு அச்சு இல்லாத இடத்தில் சிம்பைப் படுத்து இழைக்க மரச்சட்டமே ஆகும், தேய்மானத்தை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறரை அடி, இரண்டு துண்டு, துண்டுக்கு ஆறாகப் பன்னிரண்டு சிம்புகள், உதிரி நுனிக்கு இன்னும் ஆறு. நுனியை எவ்வளவு மெலிப்பது என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை. அவர் கொஞ்சம் தடிப்பாக விடச் சொல்கிறார். கெண்டை கடிப்பதே தெரியாமல் போய்விடும் என்கிறேன் நான்.