புகையின் பரிமளம்

ஆவடிப் பக்கமிருந்து வருகிற நீராவி எஞ்சின் அம்பத்தூர் ஸ்டேஷனைக் கடந்து சென்ற பிறகும் வெகுநேரம் கொடியில் உலரும் வேஷ்டிகளில் தங்கி நிற்கும் கரிப்புகையை நுகர்ந்தே பால்யத்தைக் கழித்தவன் நான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போட்ட அந்தத் தடத்தில் இன்று மின்சார ரயில்கள் ஓடுகின்றன. அந்த வாசனை மறைந்தே போயிற்று என்றிருந்தேன். சென்ற கார்த்திகையில், மழை ஓய்ந்த ஓர் இரவு, நண்பர் வீட்டு மாடியில் அமர்ந்து அம்ருத் பியூஷன் என்னும் விஸ்கியை முகர்ந்த க்ஷணத்தில் அது திரும்பி வந்தது.

அதற்குக் காரணமுண்டு. ஸ்காட்லாந்தின் சதுப்பு நிலங்களில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக மக்கி இறுகிய பீட் என்னும் கரிமண், நிலக்கரியின் பால்யப் பருவமேயாகும். முளைவிட்ட பார்லியை அதன் நெருப்பில் உலர்த்தும்போது, புகையிலுள்ள பீனால்கள் உமியில் பற்றிக்கொண்டு, ஊறலையும் வடிப்பையும் ஓக் மரப்பீப்பாயின் நெடுவாசத்தையும் கடந்து கிண்ணம் வரையில் வந்து சேருகின்றன. ஐலே தீவின் லப்ரோயக்கும் ஆர்ட்பெக்கும் இப்புகையின் உக்கிர ரூபங்கள். டிங்சர் நெடியும் கடற்பாசியின் உப்பும் அவற்றில் முந்திக்கொண்டு எழும். ஆயினும், நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்கவரி சுமந்து வந்த அந்தப் பாட்டில்கள் மத்தியதர ரஸிகனுக்கு எளிதில் எட்டுவனவல்ல.

1948-ல் பெங்களூரில் தோன்றிய அம்ருத் ஆலையார், ஸ்காட்லாந்தில் புகையூட்டிய பார்லி ஒரு பங்கும், புகை காணாத நம் நாட்டுப் பார்லி மூன்று பங்குமாகக் கொண்டு இந்த பியூஷனைச் சமைத்தார்கள். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாகும் சரக்கு, பெங்களூர் உஷ்ணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. நஷ்டம் பெரிதுதான், ஆனால் அதே உஷ்ணம் சில வருஷங்களுக்குள்ளேயே பக்குவத்தையும் கொடுத்துவிடுகிறது. 2010-ஆம் ஆண்டுத் தமது நூலில் விஸ்கி விமர்சகர் ஜிம் மர்ரே இந்த பியூஷனை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கியாக வைத்தார்.

50 சதவீத வீரியம் உள்ளதாகையால் சில துளி நீர் விட்டுச் சற்றே பொறுத்திருக்க வேண்டும். முதலில் நாரத்தைத் தோல். பின்பு கருப்பட்டிப் பாகின் கனத்த இனிப்பு. அது அடங்கி, சுக்கின் காரம் நாவோரத்தில் படரும்போதுதான் புகை எழுகிறது. எஞ்சின் புகைபோல் கண்ணைக் கரிப்பதன்று. நனைந்த சுள்ளி எரிவதுபோல் ஈரம் பொதிந்து, விழுங்கிய பின்னும் தொண்டையில் வெகுநேரம் நிற்பது. என் கைக்கெட்டும் விலையில் இதைவிட நேர்த்தியான புகையை நான் ருசித்ததில்லை.