செட் என்றொரு பொடிச் சொல்

மூன்றே எழுத்து. ஆனால் 1989-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’டுக்குத்தான். வினைச்சொல்லாக மட்டும் 430-க்கு மேற்பட்ட பொருள்கள்.

சூரியன் மறைந்தாலும் செட், ஜெல்லி உறைந்தாலும் செட். முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது, அலாரம் வைப்பது, டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதி, கணக்கு வாத்தியாரின் கணம் எல்லாம் அதுவே.

இவற்றில் அதிகம் ரசிக்கத்தக்கது தச்சுப் பட்டறைப் பொருள். ரம்பத்தின் பற்களை ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று லேசாகச் சாய்த்து விடுவார்கள். வெட்டு, தகட்டின் கனத்தைவிடச் சற்று அகலமாக விழும். ரம்பம் மரத்துக்குள் சிக்கிக்கொள்ளாது. அந்தச் சாய்வுக்கும் பெயர் செட்.

இத்தனையும் ஒரே வேரில் முளைத்தவையல்ல. ‘உட்கார வை’ என்ற பழைய ஆங்கில வினை ஒரு பக்கம்; ‘தொகுதி’ என்ற பொருளோ, பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழும் சும்மா இருக்கவில்லை. வயலில் பம்புசெட், படப்பிடிப்பில் செட், ஹோட்டலில் செட் தோசை. ‘அவன் நம்ம செட்டு’ என்றால் கூட்டாளி. ‘இது செட் ஆகாது’ என்றால் சம்பந்தப் பேச்சே முடிந்தது! ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் இதைக் கேட்க வேண்டும்.

அங்கே இப்போது ‘ரன்’ முந்திக்கொண்டது. அந்த வினைக்கு 645 பொருள்கள்; பதிவைத் திருத்தி எழுத அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் பிடித்தது.