பிறந்த எடையும் பிற்கால நோயும்

ஓர் இரும்புத் துண்டின் காந்தத்தன்மையை, இப்போது அதன்மேல் செயற்படும் புலத்தை மட்டும் கொண்டு கூறிவிட முடியாது. முன்பு அது எந்தெந்தப் புலங்களில் இருந்தது என்பதையும் அறிய வேண்டும். இதைக் காந்தத் தயக்கம் என்று படித்திருப்பீர்கள். மனித உடலும் இப்படிப்பட்டதே என்கிறது பொதுச் சுகாதாரத் துறையில் இன்று பேசப்படும் 'வாழ்நாள் நோக்கு'. அறுபது வயதில் வரும் மாரடைப்பின் காரணத்தைக் கருவறையிலிருந்தே தேட வேண்டும் என்பது அதன் சாரம். இதில் உறுதி எவ்வளவு, மிகை எவ்வளவு என்று பார்ப்போம்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷைர் வட்டாரத்தில் 1911 முதல் குழந்தைகளின் பிறந்த எடையையும் ஓராண்டு நிறைவில் இருந்த எடையையும் பேரேடுகளில் குறித்து வந்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவ அறிஞரின் குழுவினர் அவற்றைக் கொண்டு, 1911க்கும் 1930க்கும் இடையே பிறந்த 5,654 ஆண்களின் பிற்கால வரலாற்றை ஆராய்ந்து, 1989இல் முடிவை வெளியிட்டனர். எடை குறைந்திருந்தவர்களிடையே இதயநோய்ச் சாவு மிகுந்திருந்தது.

ஆனால் ஓர் ஐயம் எழுகிறது அல்லவா? ஏழை வீட்டில் எடை குறைந்து பிறந்த குழந்தை பெரும்பாலும் ஏழையாகவே வளர்ந்திருக்கும். அப்படியானால் குற்றவாளி எடையா, வறுமையா? இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது.

இங்கே நெதர்லாந்தின் பஞ்சம் உதவுகிறது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் இருந்த மேற்குப் பகுதியில், ஒருவரின் அன்றாட உணவுப் பங்கீடு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கியது. அப்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. கருவின் தொடக்க மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளானவர்களிடம் இதயநோயும் மிகுந்திருந்தது. ஆயினும் அவர்களுடைய பிறந்த எடை குறைவாக இல்லை! எனவே எடை வெறும் அளவீடே. வெப்பமானி காய்ச்சலைக் காட்டும், காய்ச்சலை உண்டாக்காது.

லெனின்கிராடு முற்றுகையில் (1941-44) கருவில் இருந்தவர்களைப் பற்றி 1997இல் வெளிவந்த ஆய்விலோ சர்க்கரையைக் கையாள்வதில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. நெதர்லாந்துக் குழந்தைகளுக்குப் பின்னர் நிறைய உணவு கிடைத்தது, லெனின்கிராடில் பற்றாக்குறை நீடித்தது, அதனால்தான் இந்த மாறுபாடு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் முடிவைக் கண்ட பிறகு சொல்லப்படும் விளக்கத்தையும் தனியே சோதித்தாக வேண்டும்.

எனக்குள்ள பெரிய மறுப்பு வேறு. 'எல்லாம் கருவறையிலேயே முடிந்துவிட்டது' என்று சிலர் இக்கருத்தைத் தலைவிதியாக்கி விடுகிறார்கள். பழியையும் தாயின்மேல் போடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் தாய்மார் விரும்பியா பட்டினி கிடந்தார்கள்? மேலும், பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வு, முப்பது வயதில் புகைப்பதை விட்டவர்களுக்குச் சுமார் 10 ஆண்டுகளும், அறுபதில் விட்டவர்களுக்குச் சுமார் 3 ஆண்டுகளும் ஆயுள் கூடியதைக் காட்டியது. காலம் தாழ்ந்தால் பயன் குறைகிறது; அற்றுப் போவதில்லை. இதுவும் வாழ்நாள் நோக்குத்தான்.

காந்தத் தயக்கம் என்றால் மாற்றவே முடியாது என்பது பொருளன்று. மாற்றுவதற்கு எதிர்ப்புலம் வேண்டும் என்பதே பொருள். கருவுற்ற தாய்க்கு நல்லுணவு தருவதும், முதியவரைப் புகையிலையிலிருந்து விடுவிப்பதும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. இரண்டும் ஒரே சுகாதாரப் பணியின் இரு முனைகள் ஆகும்.