முச்சையில் இருக்கும் கணக்கு

வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் நெல்லியடியிலிருந்து வல்வெட்டித்துறை வரை வடமராட்சியின் வானம் பட்டங்களால் நிறைந்துவிடும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையின் உதயசூரியன் கடற்கரையில் போட்டிக்கு ஏறும் பெரும் பட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவற்றைக் கலை என்பார்கள், மரபு என்பார்கள். இரண்டும் சரி. ஆனால் அவை பறக்கும் பொறிகளும்கூட. மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டி அதன்மேல் தாளையோ துணியையோ இழுத்து ஒட்டுகிறோம். அலுமினியக் குழாய்களைப் பூட்டி டேக்ரன் துணி போர்த்தி, இரண்டு பேர் பறக்கும் எக்ஸ்-எயார் இலகு விமானத்தைச் செய்தது பெங்களூரின் ராஜ் ஹம்சா நிறுவனம். இரண்டும் ஒரே கட்டுமுறையின் பிள்ளைகள். ஆகவே எங்கள் பட்டங்களை ஒரு விமான வடிவமைப்பாளரின் கண்ணால் எடைபோடுவது தகும். அப்படிப் பார்க்கும்போது, கைத்திறனில் குறைசொல்ல இடமில்லை. அளவெடுக்கும் பழக்கம் இல்லாததால் அந்தத் திறன் வளரவேண்டிய இடத்தில் தேங்கி நிற்கிறது என்றே நான் கருதுகிறேன்.

முச்சையை எடுத்துக்கொள்வோம். பட்டத்தின் நெஞ்சிலிருந்து வரும் மூன்று நூல்களும் கூடும் அந்த முடிச்சுத்தான், பட்டம் காற்றை எந்தச் சாய்வில் எதிர்கொள்ளும் என்பதைத் தீர்மானிக்கிறது. முடிச்சைச் சற்று மேலே ஏற்றினால் பட்டம் காற்றோடு படுத்து, இழுவை குறைந்து, உயரும். கீழே இறக்கினால் நிமிர்ந்து நின்று கையை அறுக்கும் அளவுக்கு இழுக்கும். இன்னும் இறக்கினால் தூக்கும் விசை குலைந்து குத்தி விழும். காற்றில் கூவும் நாணான விண்ணைப் பூட்டியதும் தலைப்பாரம் கூடுகிறது. உடனே முச்சையையும் வாலையும் மாற்றிக் கட்டுகிறார்கள். இரண்டிருக்கை விமானத்தை வரைகிறவரைப் படுத்துவதும் இதே சிக்கல்தான். ஒருவர் பறக்கும்போது ஒரு பாரம், இருவர் பறக்கும்போது இன்னொரு பாரம். புவியீர்ப்பு மையம் எல்லை தாண்டினால் விமானம் கட்டுக்குள் நில்லாது. அதனால் பல இலகு விமானங்களில் இருவரையும் அந்த மையத்துக்கு அருகே பக்கம்பக்கமாக இருத்துகிறார்கள். முகப்பு அகன்று காற்றுத்தடை கூடுவது அதற்குக் கொடுக்கும் விலை. வரைபடம் எதுவுமின்றி ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை முச்சையை விரற்கடை அளவு நகர்த்திச் சமநிலை காண்கிறான் என்றால், அது சிறிய அறிவல்ல.

ஆனால் கை பழகிய எல்லைக்குள் மட்டுமே கை சரியாகச் சொல்லும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 10 சதுரமீற்றர் பரப்புள்ள பட்டமொன்று மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றில் ஏறத்தாழ 18 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுக்குமென்றால், 40 கிலோமீற்றர் காற்றில் அதுவே 70 கிலோவைத் தாண்டும். அது ஒரு வளர்ந்த ஆளின் நிறை. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் பலர் கூடிப் பெரிய பட்டமொன்றை ஏற்றியபோது, மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஒருவர் வானத்துக்கு இழுபட்டுப் போனார். அவர் உயிர் தப்பினார். காணொளியைப் பார்த்து உலகம் வியந்தது; ஆனால் அந்த விசை எவ்வளவு என்ற கேள்வி எங்களிடையே எழவில்லை. 1894 நவம்பரில் அவுஸ்திரேலியாவின் ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில் பறக்கும் பொறிகளை ஆராய்ந்த லோரன்ஸ் ஹார்கிரேவும் பட்டத்தால்தான் மேலே போனார்: நான்கு பெட்டிப் பட்டங்கள், ஏறக்குறைய 5 மீற்றர் உயரம். கையில் காற்றுமானியும் சாய்வுமானியும் இருந்தன. கண்டதை அவர் காப்புரிமையில் பூட்டாமல் வெளியிட்டார். அந்தப் பெட்டி அமைப்பு பன்னிரண்டு ஆண்டுகளில் சாந்தோஸ் டுமோனின் விமானத்து இறக்கையாயிற்று.

பட்டத்தைப் பெருப்பிப்பதிலும் இதே குறைதான். எல்லா அளவுகளையும் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், நிறை எட்டு மடங்காகும். சிறியதில் நன்றாகப் பறந்த வடிவம் பெரியதில் எழும்ப மறுப்பது இதனால்தான். விமானக்காரர் இதற்குத் தலைகீழாக வேலை செய்கிறார். ஐரோப்பாவில் நெடுங்காலம் இருந்த விதிப்படி இரண்டிருக்கை மீயிலகு விமானம் ஆட்களோடும் எரிபொருளோடும் 450 கிலோவுக்கு மேற்படக் கூடாது. மணிக்கு 65 கிலோமீற்றரிலும் விழாமல் பறக்கவேண்டும். இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், சாதாரண இறக்கைக்கு 14, 15 சதுரமீற்றர் பரப்பு வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு குழாய் அறுக்கும் முன்பே தெரிந்துவிடும். நாங்களோ கட்டி முடித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோன பிறகே அறிகிறோம்.

திருவிழாவுக்குள் பொறியியலை ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். கயிற்றின் கீழே சனம் நிற்கிறது என்பதே என் பதில். அனுபவம் இருக்கும்போது தாளில் கணக்கு எதற்கு என்பது இதைவிடக் கனமான கேள்வி. ரைட் சகோதரர் சைக்கிள் திருத்திய கைகளுக்குச் சொந்தக்காரர்கள். இறக்கையை முறுக்கித் திருப்பும் எண்ணத்தை 1899இல் அவர்கள் பரிசோதித்ததும் ஒரு பட்டத்தில்தான். 1901இல் அவர்களுடைய மிதவை விமானம் எதிர்பார்த்த அளவு தூக்காதபோது, காற்றுச் சுரங்கம் ஒன்று செய்து இருநூறளவான இறக்கை வடிவங்களை அளந்தார்கள். கை சொன்னது போதாது என்று அறிந்ததும் அந்தக் கையாலேயே அளவுகருவி செய்தவர்கள் அவர்கள். போட்டி என்றால் அளவுகளில் இரகசியம் இருக்கத்தான் செய்யும் என்பதையும் ஏற்கிறேன். முடிவு அறிவித்த பிறகு அவற்றை வெளியிட்டால் யாருக்கும் நட்டமில்லை.

விண்ணின் கூவலையும் உருவத்தின் அழகையும் எண்ணால் மதிக்க முடியாது. நடுவர்கள் அவற்றுக்கே புள்ளி போடட்டும். கூடவே ஒவ்வொரு பட்டத்துக்கும் நிறை, பரப்பு, கயிற்றின் இழுவை என்ற மூன்று எண்களை ஒரு கொப்பியில் குறித்துவைக்கலாம். இழுவையை அளக்கக் கயிற்றுக்கும் முளைக்கும் நடுவே ஒரு பெரிய விற்றராசு போதும். நெல்லியடி மத்திய கல்லூரியிலும் ஹாட்லிக் கல்லூரியிலும் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் பொங்கலன்று அந்த வேலையைச் செய்யலாம். எந்தக் கயிறு எவ்வளவு தாங்கும், எந்தக் காற்றில் பட்டத்தை இறக்கிவிடவேண்டும் என்பதற்கு அந்தக் கொப்பியிலிருந்தே விடை எடுக்கலாம்.