‘நகரச் சுரங்கம்’: ஓர் உருவகத்தின் அரசியற் பொருளாதாரம்

பயன் முடிந்த இலிதியம் மின்கலங்களின் கதோட்டுப் பொருளிலிருந்து கோபாற்று, நிக்கல், இலிதியம் ஆகிய உலோகங்களை மீட்டெடுத்தல் பற்றிய எழுத்துக்களிலே ‘நகரச் சுரங்கம்’ என்னும் உருவகம் பெருவழக்காகியுள்ளது. உருவகம் இலக்கியத்துக்கு மாத்திரம் உரியதன்று. அது எதனை மறைக்கின்றது என்பதும் திறனாய்வுக்குரிய வினாவாகும்.

சுரங்கம் என்றதும் இயற்கையின் கொடையே நினைவுக்கு வருகின்றது. ஆயின் மின்கலத்திலுள்ள உலோகம் ஏற்கெனவே ஒருமுறை மனித உழைப்பினால் வெளிக்கொணரப்பட்டதாகும். உலகக் கோபாற்றின் பெரும்பகுதி கொங்கோ சனநாயகக் குடியரசிலே அகழப்படுகின்றது. அதில் ஒரு பங்கினைக் கொல்வேசி போன்ற இடங்களில் வறியோர், சிறுவர் உட்பட, கைக்கருவிகளாலே தோண்டியெடுக்கின்றனர். நகரையே சுரங்கமாக்கும் உருவகம் அவ்வுழைப்பாளியை நம் பார்வையினின்றும் அகற்றிவிடுகின்றது.

மீட்புமுறைகளும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கவை. உலையிலிட்டு உருக்கும் முறையிற் கோபாற்றும் நிக்கலும் கலப்புலோகமாகத் திரள, இலிதியம் கசடோடு சேர்ந்துவிடுகின்றது. சல்பூரிக்கமிலத்தையும் ஐதரசன் பரவொட்சைட்டையும் கொண்டு கரைத்துப் பிரிக்கும் முறையில் இலிதியத்தையும் மீட்கலாம். எனினும் எதனை மீட்பது என்பதை இரசாயனம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. உற்பத்திக் கழிவுகளின் மறுபயன்பாட்டுக்குப் பெருந்தொகைக் கழிவு, மேம்பட்ட பொறிகள், இரசாயன அறிவு ஆகியன வேண்டும் என்றும், மூலப்பொருள்களின் விலையேற்றம் அதனைத் தூண்டும் என்றும் 1894 இல் வெளிவந்த ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் விளக்கியுள்ளார். இரும்புப் பொசுபேற்றுக் கதோட்டு இதற்குத் தக்க சான்றாகும். அதிற் கோபாற்றோ நிக்கலோ இல்லை; ஆகவே அதனை மீட்பதில் இலாபநாட்டமும் குறைவு. ஆயினும் அதுவும் கழிவாகவே குவிகின்றது.

இவ்விடைவெளியைச் சந்தை தானாக நிரப்பும் என்ற நம்பிக்கை ஐரோப்பிய ஒன்றியத்துக்கே இருக்கவில்லை. அதன் 2023 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, 2027 இறுதிக்குள் கோபாற்றிலும் நிக்கலிலும் 90 சதவீதமும் இலிதியத்தில் 50 சதவீதமும், 2031 இறுதிக்குள் முறையே 95, 80 சதவீதமும் மீட்கப்படவேண்டும் என விதிக்கின்றது. விலை செய்யாததைச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று. ஆனாற் சதவீதங்கள் உலோகத்தையே அளக்கின்றன. உடைத்துப் பிரிப்போர் நுகரும் நச்சுவாயுவை அவை அளப்பதில்லை.

மீட்புத் தொழில்நுட்பத்தை நாம் வரவேற்கின்றோம்; புதிதாக அகழவேண்டிய மண்ணின் அளவை அது குறைக்கும். நாம் மறுப்பது அதனைச் சூழ்ந்த மொழியையே. உலோகத்தை மீட்போர் அதனுள் உறைந்துள்ள உழைப்பின் வரலாற்றையும் மீட்கும்போதே அம்முயற்சி முழுமைபெறும்.